ரயில் ஏறுமுன் காய்ச்சிய பால்

போன வருடக் கோடை விடுமுறையில் நடந்தது இது. நடந்த இடம் இங்கிலாந்தின் கரையில், வாகனங்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குக் கீழே பிரான்சுக்குப் போகும் ரயில் நிலையம். ஆனால் அதன் கதை இன்னும் கனடாவில், எங்கள் ஸ்காபரோவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு பேர் கூடினால் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. எனக்குச் சபையில் நின்று பதில் சொல்ல வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவரின் தம்பி லண்டனில் இருக்கிறார், தங்கை பாரிஸில். தங்கையின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, அதுதான் பூப்புனித நீராட்டு விழா, வைத்திருந்தார்கள். மூத்த தாய்மாமன் என் கணவர். அவர்தான் பிள்ளையின் தலையில் பால் அறுகு வைக்க வேண்டும். லண்டனில் இறங்கி, தம்பி குடும்பத்துடன் அவருடைய வாகனத்திலேயே பாரிஸ் போவதாக ஏற்பாடு.

தம்பி அந்த மாதம்தான் ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கியிருந்தார். உள்ளே கட்டில், மேசை, குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு எல்லாம் உண்டு. வெளியே பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் காஸ் சிலிண்டர். விடியப்புறம் புறப்பட்டோம். மதியத்துக்கு முன் பாரிஸ் மண்டபத்தில் நிற்க வேண்டும்.

ரயில் நிலையத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் வந்தார். காஸ் பூட்டியிருக்கிறதா என்று கேட்டு, தானே அந்தச் சின்னக் கதவைத் திறந்து பார்த்தார். சிலிண்டர் வால்வு பூட்டியபடியே இருக்க வேண்டும், மறுகரையில் இறங்கும்வரை அடுப்புக்கோ குளிர்சாதனப் பெட்டிக்கோ காஸ் போகக்கூடாது என்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். என்னுடைய அரைகுறை ஆங்கிலத்துக்கே விளங்கியது. தம்பி “யெஸ், யெஸ்” என்று தலையாட்டினார். எங்களை வரிசையில் விட்டார்கள்.

ரயில் பிந்தியது. மழை வேறு. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். தம்பியின் இரண்டு பெண்பிள்ளைகளும் பின்னால் போய்க் கட்டிலில் படுத்து நித்திரையாகிவிட்டார்கள். அப்போதுதான் தம்பியின் மனைவிக்கு ஞாபகம் வந்தது.

“இஞ்சேருங்கோ, ஐயர் சொன்ன நேரம் முடியப்போகுது. இன்னும் பால் காய்ச்சேல்லை.”

வாகனத்துக்குப் பால் காய்ச்ச ஐயரிடம் நல்ல நேரம் கேட்டு வைத்து, வழியில் எங்காவது நிறுத்திக் காய்ச்சுவதாக இருந்ததாம். வாகன நெரிசலில் முடியாமல் போய்விட்டது.

“புது வீட்டில பால் காய்ச்சிறமெல்லே, இது ஓடுற வீடு,” என்றபடி தம்பி எழுந்தார்.

“உவ இப்பத்தானே பூட்டச் சொல்லிப்போட்டுப் போறா,” என்றேன் மெதுவாக.

“அண்ணி, அஞ்சு நிமிசத்துக்குள்ள ஆர் வந்து பாக்கப்போறான்? கனடாக்காரருக்கு எல்லாத்துக்கும் பயம்.”

என் கணவரும் சேர்ந்து சிரித்தார். தம்பி மழையில் இறங்கிப் போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தார்.

பால் காய்ச்சுவதில் எனக்குக் குறையில்லை. ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் நாங்கள் வீடு வாங்கியபோது நானும்தான் காய்ச்சினேன். பால் பொங்கி வழிய வேண்டும், அதுதான் நல்லது. அன்றைக்கும் நன்றாகப் பொங்கியது. எல்லோரும் போனில் வீடியோ எடுத்தார்கள். எந்தப் பக்கம் வழிந்தது என்று கேட்டு, கிழக்கு எது என்று போனிலேயே தேடினார்கள். அந்த நேரம் பார்த்து முன்னால் நின்ற வாகனங்கள் நகரத் தொடங்கின. தம்பி சாரதி இருக்கைக்குப் பாய்ந்தார். அவருடைய மனைவி பானையைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்துவிட்டு, முன்னால் இருந்த பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் எடுத்தாள். ரயிலில் ஏறுமுன் கொளுத்த வேண்டுமாம்.

நான் துணியை எடுத்து அடுப்பைத் துடைக்கப் போனேன். அடுப்பு முழுக்கப் பால். நெருப்பைக் காணவில்லை. வழிந்த பால் அதை அணைத்திருந்தது. அடுப்பைத் திருகும் குமிழோ முழுதாகத் திறந்தபடி இருந்தது. குனிந்தால் மெல்லிய ஒரு இரைச்சல். நெருப்பு அணைந்தால் தானாகவே காஸை நிறுத்தும் வசதி அந்தப் பழைய அடுப்பில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

குமிழைத் திருகிப் பூட்டினேன். ஆனால் கருகிய பால் மணத்துக்குள் இன்னொரு மணமும் இருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், தம்பியின் மனைவி கையில் லைட்டர்.

“கொளுத்தாதை பிள்ளை!”

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். கற்பூரம் நிலத்தில் விழுந்தது.

“என்னக்கா இது, சாமிக்கு எடுத்ததைத் தட்டி விழுத்திப்போட்டியள்.” அவளுடைய முகம் கறுத்துவிட்டது.

“காஸ் மணக்குது.”

“அது பால் எரிஞ்ச மணம்,” என்றார் தம்பி.

“அதுதான் பூட்டியாச்சே, நீர் சும்மா இரும். ரெயில் போகப்போகுது,” என்றார் என் கணவர்.

தம்பியின் கை சாவிக்குப் போனது. பின்னால் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். பக்கத்து வரிசைக் காரில் கைக்குழந்தையோடு ஒரு தாய். இத்தனை பேரோடும் சேர்ந்து நாங்கள் கடலுக்குக் கீழே போகப்போகிறோம். இவர்கள் மூவருக்கும் நடுவில் யார் சொல்வது சரி என்று வாதாட எனக்குத் தெம்பில்லை. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெறுங்காலோடு மழையில் இறங்கினேன். மஞ்சள் சட்டைப் பெண்ணிடம் ஓடினேன். என் வாயில் வந்த ஆங்கிலம் மூன்றே சொற்கள். காஸ், இன்சைட், சில்ரன்.

அந்தப் பெண் ஓடி வந்தார். வாகனத்தை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், ஒரு சுவிச்சையும் தொட வேண்டாம் என்று எல்லோரையும் வெளியே எடுத்தார். பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கி வந்தார்கள். கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் திறந்துவிட்டு, சிலிண்டரையும் பூட்டினார்கள். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது, மேலே போகாமல் தரையோடு தங்கும் என்று அவர் சொன்னார். பிள்ளைகள் படுத்திருந்த கட்டில் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரு பொறி போதுமாக இருந்திருக்கும் என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தார்.

ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனது. எங்களைத் தனியே நிறுத்தி முழுதாகச் சோதித்து, நேரம் கழித்துத்தான் வேறொரு ரயிலில் ஏற்றினார்கள். பாரிஸ் வரை ஒருவரும் என்னோடு பேசவில்லை. மண்டபத்துக்குப் போனபோது வேறு யாரோ மாமன் முறைக்காரர் பால் அறுகு வைத்து முடிந்து, ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கணவரின் தங்கை அழுதாள்.

தம்பி மண்டபம் முழுக்கச் சொன்ன விளக்கம் இதுதான். “அண்ணி சும்மா வெருண்டு பொலிசைக் கூப்பிட்டிட்டா.”

பொலிஸே அங்கே வரவில்லை. பூட்டச் சொன்ன காஸைத் திறந்தவர் அவர். அந்தப் பேச்சே மண்டபத்தில் எழவில்லை. தம்பி பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். பக்கத்தில் நின்ற என் கணவர், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர், தட்டில் இருந்த பலகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். அது எனக்கு இன்றுவரை செமிக்கவில்லை.

நாங்கள் திரும்பி வருமுன்னே கதை ரொறன்ரோவுக்கு வந்துவிட்டது. பால் பொங்கும் வீடியோவும் எல்லாருடைய போனுக்கும் வந்தது. பொங்கியதோடு வீடியோ முடிந்துவிடும். போன மாதம் இங்கே மில்லிக்கனில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

“நீங்களெல்லே லண்டனில ரெயிலை மறிச்சனீங்கள்?”

வரிசை முழுவதும் சிரித்தது.

“அதுதான் ஒண்டும் நடக்கேல்லையே அக்கா, பிறகென்னத்துக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றார் இன்னொருவர்.

எத்தனை பேரின் வாயில் இதைக் கேட்டுவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லையாம். ஏன் நடக்கவில்லை என்று ஒருவராவது யோசித்துப் பார்த்தார்களா? அந்த லைட்டர் பற்றியிருந்தால் இவர்கள் வரிசையில் நின்று சிரித்திருப்பார்களா? காஸைப் பூட்டு என்று ஒருவர் மழைக்குள் நின்று சொன்னால் அது வெள்ளைக்காரரின் கெடுபிடி. நான் சொன்னால் பயந்தாங்கொள்ளித்தனம். நேரம் தவறிப்போனது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. திறந்து கிடந்த குமிழ் ஒருவருக்கும் நினைவில்லை. அன்றும் தட்டோடு ஒதுங்கித்தான் போனேன்.

தம்பியின் பிள்ளைகள் இந்த விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து நிற்க ஆசைப்படுகிறார்களாம். தாய்தான் விடமாட்டேன் என்கிறாளாம். “போன் எடுத்து ஒரு சொறி சொல்லி மன்னிப்புக் கேளும், எல்லாம் சரியாப்போம்,” என்று கணவர் ஒவ்வொரு நாளும் சொல்கிறார். பிள்ளைகளைப் பார்க்க எனக்கும் ஆசைதான். போனைக் கையில் எடுத்தும் பார்த்தேன். அந்தச் சொல் வரவில்லை, இனியும் வராது. இத்தனை வயதுவரை நாலு பேருக்கு முன்னால் குரல் உயர்த்தாதவள் நான். ஒரே ஒரு தடவை உயர்த்தினேன், அதை மட்டும் எவர் கேட்டாலும் திருப்பி எடுக்கமாட்டேன்.