நுள்ளுகிற பிள்ளைக்கு நண்டு விற்றவன்

மீன் யாவாரத்தில் பழுதான மீனை விற்றால் அன்றைக்கே ஏச்சு விழும். புள்ளத்தாச்சிக்கு விற்ற நல்ல மீனுக்கு நாலைந்து வருஷம் கழித்துத்தான் விழும். சாய்ந்தமருதுக் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி கட்டி, தெருவும் ஒழுங்கையுமாக ஹோர்ன் அடித்துத் திரிகிறவன் நான். என்னைப் போலப் பெட்டி கட்டியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அன்னாசியும் பப்பாசியும் விற்கிற சகோதரர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

நண்டு வழக்கு

பக்கத்து வீட்டு சபியா ராத்தாவின் கடைசி மகன் நர்சரியில் கண்ட பிள்ளைகளையெல்லாம் இரண்டு விரலால் பிடித்து நுள்ளுகிறான் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருக்கிறார். ராத்தா நேரே வந்து என் மோட்டார் சைக்கிளை மறித்தார். அவன் வயிற்றில் இருந்தபோது ஆசைப்பட்டு நண்டு தின்றாராம். விற்றவன் நானாம். ஆகவே பிள்ளை நுள்ளுவதற்குப் பொறுப்பும் நானாம்.

"மூத்தவள் வயித்துல கிடக்கக்குள்ளயும் நீங்க என்னிட்டத்தானே நண்டு வாங்கின ராத்தா. அவள் பூனைக்குட்டி மாதிரி இரிக்காளே" என்றேன். ராத்தா விடவில்லை.

"அவளுக்கு நீ தந்தது செத்த நண்டு தம்பி. இவனுக்குத்தான் உசிரோட தந்த."

மிஸ்ஸி சொன்ன தீர்ப்பு

பழியோடு யாவாரம் செய்ய முடியுமா? எங்கள் ஒழுங்கைக்குப் புள்ளத்தாச்சிகளைப் பார்க்க வருகிற குடும்பநல மிஸ்ஸியை மறித்து, ராத்தாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு நியாயம் கேட்டேன். மிஸ்ஸி பொறுமையானவர். தாய் நன்றாகச் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளையும் உடம்பும் நன்றாக வளரும் என்றார். தாய்க்கு இரத்தம் குறைந்தால் பிறகு பிள்ளைக்குக் கவனம் நிற்பதும் கஷ்டமாகலாம், அதனால் மீனும் கீரையும் முட்டையும் விடக்கூடாது என்றார். "ஆனா நண்டு திண்டு எந்தப் புள்ளயும் நுள்ளாது. அது வீட்டுல ஆரையும் பாத்துப் பழகுறது."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். ராத்தா மகனைப் பக்கத்தில் இழுத்து, தொடையில் நன்றாக ஒரு நுள்ளு நுள்ளிவிட்டுக் கேட்டார்:

"சொல்லு மனே, நீ ஆரப் பாத்துப் பழகின?"

தலை மட்டும்

நிந்தவூரில் ஒரு சேர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். மனைவி முதற்பிள்ளை சுமந்தபோது, மீன் தின்றால் பிள்ளைக்கு மூளை என்று போனில் பார்த்துவிட்டார். மூளை இருப்பது தலையில்தானே என்று கணக்குப் போட்டு, என்னிடம் பாரை மீன் தலை மட்டும் வாங்கினார். பாவம் அவர் மனைவி, அந்தத் தங்கச்சி, பெட்டியில் கிடந்த நடுத்துண்டை ஏக்கத்தோடு பார்ப்பார்.

இப்போது அந்த மகன் வாயை மூடுவதில்லை. வாப்பா ஒன்று சொன்னால் திருப்பி ஒன்பது சொல்கிறான். சேர் உள்ளே பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, தங்கச்சி வாசலில் நடுத்துண்டு வாங்கிக்கொண்டே ஓர் அண்ணனிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"மீன் தலையில மூளை எவ்வளவு, வாய் எவ்வளவு எண்டு அவர் பாக்கல்ல காக்கா."

என் வீட்டுச் சங்கதி

ஊர்ப் புள்ளத்தாச்சிகளுக்கெல்லாம் மீன் கொடுத்த எனக்கு வீட்டில் வந்தது சோதனை. என் மனைவி றிஸானா வயிற்றில் உண்டானதும் மீன் மணத்தைக் கண்டாலே சத்தி எடுத்தாள். வெறுஞ்சோறும் மாங்காயும்தான் சாப்பாடு. கிளினிக்கில் இரத்தம் குறைவு என்றார்கள். இப்படியே போனால் பிள்ளை நிறையில்லாமல் பிறக்கும் என்று மிஸ்ஸி சொன்னார்.

தேசிக்காய்ச் சாறு தேய்த்துக் குளித்தேன். பெட்டியை வீதியிலேயே கழுவி வைத்தேன். நல்ல மீனைத் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணமாக்கி நானே சோற்றுக் கோப்பையில் போட்டுக் கொடுத்தேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். கடைசியில் வெட்கத்தை விட்டு சபியா ராத்தாவிடம் சொன்னேன். "நெத்தலியத் தந்திட்டு நீ உன்ட யாவாரத்தப் பாரு" என்று வாங்கிக்கொண்டார். தினமும் நான் போன பிறகு றிஸானாவைத் தன் குசினிக்குக் கூப்பிட்டு, பொரித்த நெத்தலியும் முருங்கையிலைச் சுண்டலும் வைத்துச் சோறு கொடுத்தார். றிஸானா கேட்டு வாங்கித் தின்றாளாம். கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளிந்தது. இரத்தமும் கூடியது.

சந்தோஷந்தான். ஆனாலும் மனது கேட்கவில்லை. "அதே கடல், அதே மீன், நான் தந்தா மட்டும் ஏன் மணக்கிது?" என்று கேட்டேன். றிஸானா யோசிக்கவேயில்லை.

"மீன் மணக்கல்ல. நீங்கதான் மணக்கிற."

அல்ஹம்துலில்லாஹ், மகள் நல்ல நிறையோடு பிறந்து, எல்லோரோடும் சிரித்து விளையாடி, ஒருவரையும் நுள்ளாமல் வளர்கிறாள் என்றாலும், நல்ல குணத்துக்கு மீன்காரன்தான் காரணம் என்று என்னை மறித்து இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.