அம்மன் கோவிலுக்கு மேலே பறக்காத ஹெலிகாப்டர்

போன வருடம் வைகாசியில், உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் அம்மன் கோவில் கும்பாபிஷேகத்தன்று நடந்தது இது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். உத்திரமேரூரில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பயந்த சுபாவம். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்த பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். "உனுக்கு பயப்பட ஒண்ணுமே இல்லன்னா, ஏன் இல்லன்னு ஒரு பயம் வந்துடும் மாமா" என்பாள் என் மனைவி.

அப்படிப்பட்டவனுக்கு வந்த ஆசை, ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர் கட்டுவது. பொம்மைக் கடையில் விற்கிறதைச் சொல்லவில்லை. நிஜ ஹெலிகாப்டரைக் கதவு, சக்கரம், கண்ணாடி எதையும் விடாமல் அப்படியே சின்னதாகச் செய்வது. வெள்ளம் வந்த ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஏரிக்கு மேலே தாழப் பறந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டுவிட்டுப் போனது ஒரு ஹெலிகாப்டர். அன்று பிடித்த பைத்தியம். போனில் படம் பார்த்துப் பார்த்து, ஒட்டுப்பலகையில் விலா எலும்பு மாதிரி சட்டம் அறுத்து, மேலே ஃபைபர் போர்த்தி, பெயின்ட் அடித்து, ஒரு ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு உடம்பைச் செய்து முடித்தேன். தெருவே வந்து தொட்டுப் பார்த்தது.

பிறகுதான் மாட்டிக்கொண்டேன். உடம்பு தயார், பறக்க வைக்கிறது உள்ளே வேண்டுமே. மோட்டார், பல்சக்கரம், மேல் இறக்கையைப் பிடித்திருக்கும் தலை, வால் இறக்கைக்குப் போகும் தண்டு எல்லாம் சேர்ந்த அந்தக் கூட்டை எங்களைப் போன்ற பைத்தியங்கள் மெக்கானிக்ஸ் என்பார்கள். விவரம் தெரிந்தவன் மெக்கானிக்ஸை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு அந்த அளவுக்கு உடம்பைக் கட்டுவான். நான் சட்டையைத் தைத்து வைத்துவிட்டு ஆளைத் தேடினேன். ஒன்று அகலம் அதிகம், கதவு வழியாகவே உள்ளே போகாது. இன்னொன்றில் தண்டு குட்டை, இறக்கை கூரையை உரசும். ராத்திரி பகல் இல்லாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்தவர்கள், மோட்டாரைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

கடைசியில் ஒருத்தர் சொல்லி, வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்குப் போனேன். மில்லை நடத்துகிற அக்காவிடம் ஒரு பழைய மெக்கானிக்ஸ் இருப்பதாகத் தகவல். அவருடைய மகனோ வீட்டுக்காரரோ பறக்க விடுகிறவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். போனால் அந்த அக்காவே களத்தில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, காயப்போட்ட நெல்லுக்கு மேலே ஒரு ஹெலிகாப்டரைச் சுற்ற விட்டுக்கொண்டிருந்தார்.

"புறா தொல்ல தாங்கல. வெரட்ட ஆள் போட்டா ஆளு தூங்கிடறான். அதான் இத்த வாங்கனேன். ஒரு வாரம் பயந்துச்சுங்க. அப்புறம் இது கீழ எறங்கனா மேலயே வந்து ஒக்காந்துக்குதுங்க. புறாவுக்கு பயம் போச்சு, எனுக்கு பைத்தியம் புடிச்சிக்கிச்சு" என்றார்.

அவருடைய பழைய மெக்கானிக்ஸ் என் ஹெலிகாப்டர் உடம்புக்குள் அளவெடுத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. பதிலுக்கு மில் மோட்டார்களுக்கு நான் காயில் கட்டிக் கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். வாலில் மட்டும் ஒரு இடைஞ்சல். அவருடையதில் தண்டு கடைசிவரை நேராகப் போகும். என் ஹெலிகாப்டருக்கு வால் நுனி மேல்நோக்கி வளைந்து நிற்கும். அந்த வளைவில் வேறு ஒரு கம்பெனியின் சின்ன கியர் டப்பாவை வாங்கிப் பொருத்தினேன். ஓட்டை பெரிது, தண்டு சிறிது. காஞ்சிபுரத்தில் லேத்துக்காரரிடம் இடைவெளியை அடைக்க புஷ் என்கிற வளையம் கடைந்து நடுவில் போட்டேன்.

அவர் களத்திலேயே பறக்க விட்டோம். என் கையால் செய்த உடம்பு தரையை விட்டு எழும்பி நின்றது. அக்கா விசில் அடித்தார். ஆனால் இறங்கினதும் நான் முதலில் செய்தது வால் வளைவைத் தொட்டுப் பார்த்ததுதான். சூடாக இருந்தது. காயில் கட்டுகிறவனுக்குக் கைதான் மீட்டர். ஒவ்வொரு தடவையும் தொட்டேன், ஒவ்வொரு தடவையும் அதே சூடு. கூடவுமில்லை, குறையவுமில்லை.

"ஓட்ற பொருள்னா சூடு இருக்காதா? உன் நெத்திய தொட்டுப் பாரு, அதுவும் சூடாதான் கீது" என்று சிரித்தார் அக்கா. என்னைவிட அதிகம் பறக்க விட்டவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் எனக்கு மனசு அடங்கவில்லை. ஒருநாள் ஹெலிகாப்டர் காற்றில் சாய்ந்து, களத்து ஓரம் நட்டிருந்த மூங்கில் கழியில் மேல் இறக்கை பட்டது. கழியின் தலை துண்டாகப் போய் நெல்லில் விழுந்தது. அதிலிருந்து அந்தத் துண்டுதான் கண்ணில் நின்றது.

இதற்குள் என் மனைவி எடுத்த வீடியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கும்பாபிஷேகக் கமிட்டியில் இருக்கிற என் பெரியப்பா மகன் கடைக்கே வந்துவிட்டார். பெரிய கோவில்களுக்கெல்லாம் நிஜ ஹெலிகாப்டர் வந்து பூ தூவுகிறதாம், நம் கோவிலுக்கு நம் ஊர் ஹெலிகாப்டர் தூவட்டுமே என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே நிமிஷம் மூங்கில் துண்டு ஞாபகம் வந்தது. ஆட்கள் தலைக்கு மேலே பறக்க விட மாட்டேன் என்றேன். சரி, கோவிலுக்குக் கிழக்கே கயிறு கட்டிக் காலி இடம் விடுகிறோம், அங்கே இருந்து தூவினால் காற்றில் பூ கோபுரத்துக்குப் போய்விடும் என்றார். போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லி வைத்தார்கள். ஹெலிகாப்டர் வயிற்றுக்கு அடியில் கூடை கட்டி, ரிமோட்டில் திறக்கிற மாதிரி மூடி போட்டேன். அதன் பிறகு ஒரு நாளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் வாலைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

அன்று காலையில் கயிறு கட்டியிருந்தது. உள்ளே ஒரு ஆள் இல்லை. பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. வாலாஜாபாத் அக்காவும் காரில் வந்து என் பக்கத்தில் நின்றார். கூடையில் ரோஜா இதழும் சாமந்தியும் நிரப்பினோம். மேளம் உச்சத்துக்குப் போனது. கலசத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். அதே தண்ணீரை ஜனங்கள் மேல் தெளிக்க மேலே மோட்டார் வைத்துப் பைப்பில் பீய்ச்சினார்கள். நாங்கள் எல்லாரும் மறந்துபோன விஷயம் ஒன்றுதான். வைகாசியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். தண்ணீர் மேற்கே நின்ற கூட்டத்தின் மேல் விழாமல், கிழக்கே கயிறு கட்டின காலி இடத்தில் போய் விழுந்தது.

கலசத் தண்ணீர் தலையில் படத்தானே அவ்வளவு பேரும் வந்திருக்கிறார்கள். கயிறு இருந்ததையே யாரும் பார்க்கவில்லை. அது காலுக்கடியில் போய்விட்டது. கைக்குழந்தைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முந்தானையை விரித்துக்கொண்டு, அந்த இடம் முழுக்கத் தலைகள். முன்னால் என் மனைவியும் என் மாமியாரும் நின்றுகொண்டு எனக்குக் கையாட்டினார்கள். அடுத்து பூ வரும் என்று மைக்கில் சொன்னதும் இன்னும் நெருக்கி நின்றார்கள். பூவும் தலையில்தானே விழ வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் தூவும் பூவை யார் கேட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். என் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். வாழ்க்கையில் என் பெயரை யாரும் மைக்கில் சொன்னதில்லை. ரிமோட் கையில் இருந்தது. வாலைத் தொட்டேன். இன்னும் ஓட்டவே இல்லை, அது சூடாக இருக்க வழியே இல்லை. ஆனாலும் சூடாக இருப்பது போலத்தான் இருந்தது.

பெரியப்பா மகன் ஓடி வந்தார். "இன்னாபா, ஊரே காத்துக்கினு கீது, நீ பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி நின்னுகினு கீற?"

ஆட்களை வெளியே அனுப்பச் சொன்னேன். இந்தக் கூட்டத்தையா என்றார். வாங்கி வந்த பூவெல்லாம் வீணா என்றார். பின்னால் இருந்து யாரோ, அவனுக்குப் பூட்டுன பூட்டையே திரும்பிப் பார்க்கணும், அவனப் போய் நம்பினீங்களே என்றார்கள். நாலு பக்கமும் சிரிப்பு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, தூக்கக் கையும் வரவில்லை.

அப்போது அக்கா என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி அணைத்தார்.

"உள்ள கீற மெக்கானிக்ஸ் என்னுது. நான்தான் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். என் பொருளு, எனுக்கு இஷ்டம் இல்ல. அவர ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

அது பொய். பொருள் என்னுடையதாகிப் பல மாதம் ஆகிவிட்டது. வரும்போதுகூட அவர் எப்போது தூக்கப் போகிறாய் என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டேதான் வந்தார். ஆனால் கூட்டம் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிவிட்டது. ஊரான் வூட்டு கோவிலுக்கு வந்து காரியத்தைக் கெடுக்கிறாள் என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் ஹெலிகாப்டரைத் தூக்கித் தன் கார் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, அன்னதானத்தில் கை நனைக்காமல் கிளம்பிப் போனார். எங்கள் பக்கத்தில் கோவில் சாப்பாடு சாப்பிடாமல் போனால் ஊரோடு மனத்தாங்கல் என்று அர்த்தம். பூவை நாலு பேர் மடப்பள்ளி மாடியில் ஏறிக் கையால் தூவினார்கள். எல்லார் தலையிலும் விழுந்தது.

அடுத்த வாரம் வாலாஜாபாத் போனேன். களத்தில் உட்கார்ந்து அந்த வால் வளைவைக் கழற்றினேன். உள்ளே ஏதாவது உடைந்திருக்க வேண்டும், தேய்ந்திருக்க வேண்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது. ஒன்றும் இல்லை. பல் ஒன்றுகூடத் தேயவில்லை. புஷ் இம்மி நகரவில்லை. சூடு வெறும் சூடுதான்.

"நல்லாதான்க்கா இருக்குது" என்றேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

"நல்லா இருந்தா நல்லதுதானே. கிரீஸ் போட்டு மூடு" என்றார்.

எனக்காக ஏன் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"நானா இருந்தா தூக்கியிருப்பேன், மோட்டார்காரரே. மைக்ல பேர் சொன்னா யாருக்கு கை சும்மா இருக்கும்? உன் மூஞ்ச பார்த்தப்புறம்தான் கீழ யாரார் நிக்கறாங்கன்னே பார்த்தேன். அதுல ஒருத்தி, பொறந்து மாசம்கூட ஆவாத கொழந்த போல, அத்த தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிகினு நிக்கிறா."

ஊருக்குத் திரும்பி, தூக்க மாட்டேன் என்றது நான்தான், அந்த அக்கா இல்லை என்று பெரியப்பா மகனிடம் சொன்னேன். அந்த அம்மாவைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று சிரித்துவிட்டுப் போனார். இன்றுவரை ஊரில் யாரும் நம்பவில்லை.

ஹெலிகாப்டர் இப்போதும் வாலாஜாபாத் களத்தில் புறாக்களுக்கு மேலே பறக்கிறது. அன்று தூக்கியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்று பாதி ராத்திரி தோன்றும், புரண்டு படுப்பேன். உடனே அந்தக் கயிறும், அதன்மேல் நின்ற தலைகளும் வந்துவிடும். என் பயம் சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் ஊர் சிரித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்து, பழியைத் தன்மேல் எடுத்துக்கொண்டு பசியோடு வீட்டுக்குப் போன ஒருத்தரைப் பார்த்த பிறகு, யாராவது எதற்காவது பயந்து நின்றால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வருவதில்லை.