சட்டைப்பையில் இருந்த ஃபியூஸ்

நூற்பாலைக் கூரையில் உள்ள காற்றுப்போக்கி விசிறிகளைப் பராமரிப்பது என் வேலை. கோவில்பட்டி வெயிலில் தகரத்தின் மேல் ஏறும்போதெல்லாம் ஏன்டா வந்தோம் என்றிருக்கும். செருப்பை ஏணிக்கடியில் விட்டு கான்வாஸ் ஷூவை மாட்டுவேன். கீழே பெட்டியில் இருக்கும் விசிறியின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். அது என்னிடம் இருக்கும்வரை விசிறி சுற்றாது என்று நம்பினேன். கீழே வேலை செய்கிறவர்களிடம் சொல்வதில்லை. சொன்னால், சீக்கிரம் முடியுங்கள் என்று நச்சரிப்பார்கள்.

ஒரு சித்திரை மதியம் இறக்கைகளில் அப்பியிருந்த பஞ்சைச் சுரண்டிவிட்டு இறங்கினேன். நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்க்கும் மாரியம்மாள் ஃபியூஸ் பெட்டியை மறைத்து நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

“ஏம்மா இங்கன நிக்க?”

“பின்ன? வெக்க தாங்கலன்னு ஃபியூஸ் இருந்த எடத்துல செம்புக்கம்பிய மாட்ட வந்தான் ஒருத்தன். மேல ஆளு இருக்குன்னு சொன்னா, அவரு அப்பமே எறங்கிட்டாருங்கான். ஒங்க செருப்பு ஏணிக்கடியிலதான கெடக்கு? கம்பியப் பிடுங்கிட்டு நின்னுட்டேன்.”

சற்று முன்வரை என் விரல்கள் அந்த இறக்கைகளுக்கு இடையில்தான் இருந்தன. சட்டைப்பையில் இருந்த ஃபியூஸைத் தொட்டுப் பார்த்தேன்.

“அப்படியே நிக்காதீங்க அண்ணாச்சி. ஃபியூஸப் போடுங்க. இங்கன நாங்க அவிஞ்சி போய்க் கெடக்கோம்.”

ஃபியூஸை எடுத்து மாட்டினேன். விசிறி சுற்றத் தொடங்கியதும் அவர் தன் மெஷினுக்குப் போய்விட்டார்.

அந்தப் பீங்கான் ஃபியூஸைத்தான் என் உயிருக்குக் காவல் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்போதும் அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன். ஆனால் அதற்கு முன் கீழே இருப்பவர்களிடம், “மேல போறேன்” என்று சொல்கிறேன். அவர்களும் நச்சரிக்கத்தான் செய்கிறார்கள்.