காமர்ஸ் வகுப்பும் ஐந்நூறு குடைகளும்

காமர்ஸ் வகுப்பில் முதல் நாள் பாடம் நடக்கவில்லை. விதிகள்தான் நடந்தன. மாஸ்டர்ஜி வங்காளத்துக்காரர், ஒல்லியானவர், சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். நாற்காலியில் உட்காராமலேயே ஒன்பது விதிகளை அவர் இந்தியில் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டோம். மையால்தான் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. இடது பக்கம் இரண்டு விரல் இடம் விட வேண்டும். தாமதமாக வந்தவர் வாசலிலேயே நிற்க வேண்டும்; நேரத்துக்குத் திறக்காத கடையில் யார் சாமான் வாங்குவார்கள் என்று கேட்டார். இப்படியே போய் ஏழாவதில் குரலை உயர்த்தினார். பயிற்சிக்கு எழுதும் கடிதம் அச்சு அசலாக நிஜக் கடிதம் போலவே இருக்க வேண்டும், விலாசம் எழுதிய உறை உட்பட. எட்டாவது, அந்தக் கடிதம் எக்காரணம் கொண்டும் வெளியே போகக் கூடாது. யாருடைய கடிதம் வெளியே போகிறதோ அவரும் வகுப்பை விட்டு வெளியே போகலாம். ஒன்பதாவது, இத்தனையையும் வீட்டில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

அந்த வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான். மற்றப் பெண்கள் எல்லாரும் தையல் வகுப்புக்குப் போனார்கள். என்னையும் அங்கேதான் அனுப்ப வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா கேட்கவில்லை. போர்ட் பிளேர் பஜாரில் அவருக்குக் கடை. கயிறு, லாந்தர், வாளி, குடை விற்பார். சரக்கெல்லாம் மதராஸ் கம்பெனி ஒன்றிலிருந்து கப்பலில் வரும். அப்பா ஆர்டரைத் தமிழில் எழுதிப் போடுவார்; கம்பெனியின் பதில் கடிதங்கள் இங்கிலீஷில் இருக்கும். அப்பாவுக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும், இந்தி பேச வரும், இங்கிலீஷ்தான் வராது. நான் எட்டாம் வகுப்பு தேறியதிலிருந்து அந்தக் கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். கடைச் சங்கதியை இன்னொருத்தனிடம் காட்டுவானேன், வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்பார். அதைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

விதிகளையும் அப்படித்தான் படித்துக் காட்டினேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். எட்டாவதற்கு மட்டும் வாயைத் திறந்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு. நம்ம கடுதாசி ஒண்ண நம்பித்தான் மெயின்லேண்டுக்காரன் இவ்வளவு தூரம் சரக்கு ஏத்துறான். எழுதி அனுப்பிட்டா அனுப்பினதுதான்."

அடுத்த வாரம் ஆர்டர் கடிதம் எழுதிவரச் சொன்னார் மாஸ்டர்ஜி. நிஜம் போல இருக்க வேண்டும் என்றாரே, நான் அப்பாவின் கடைப் பெயர் அச்சடித்த தாளையே எடுத்தேன். விலாசம் மதராஸ் கம்பெனியின் விலாசம். அப்பா ஒரு தடவைக்கு மூன்று டஜன் குடைதான் எடுப்பார். ஆனால் முன்பெஞ்சுப் பையன் ஒருவன் தான் ஐம்பது மூட்டை அரிசிக்கு எழுதப் போவதாகப் பீற்றிக்கொண்டிருந்தான். ஐம்பது மூட்டைக்கு முன்னால் மூன்று டஜன் குடை எந்த மூலைக்கு? முதல் கப்பலிலேயே ஐந்நூறு குடை அனுப்பிவைக்கவும் என்று எழுதினேன். கடைக்காக என்று போட்டு, கீழே அப்பாவின் பெயரை இங்கிலீஷில் வளைத்து வளைத்துக் கையெழுத்தாகப் போட்டேன். மடித்து உறையில் செருகி மேசைமேல் வைத்துவிட்டுக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

அந்தக் காலத்தில் கப்பல்தான் எங்களுக்குக் காலண்டர். நாளைக் காலை கிளம்புகிறது என்று தெரிந்தால் வீட்டுக்கு வீடு அவசர அவசரமாகக் கடிதம் எழுதுவார்கள். சித்தப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். நாங்கள் குடியிருந்த மரைன் ஹில்லில் எங்கள் வரிசை வீடுகளின் கடிதங்களை எல்லாம் ஒரு துணிப்பையில் வாரிக்கொண்டு போய், தபால் மூட்டை கட்டுவதற்கு முன் சேர்ப்பதைத் தம் தலைமேல் போட்டுக்கொண்டிருந்தார். யாரையும் கேட்டு எடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. விலாசம் எழுதிய உறை கண்ணில் பட்டால் பைக்குள் போய்விடும். ஸ்டாம்ப் இல்லையென்றால் தாமே வாங்கி ஒட்டுவார். இந்த உபகாரத்துக்காகத் தெருவே அவரைக் கொண்டாடியது.

நான் குடத்தோடு திரும்பியபோது அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"ஜஹாஜ் நாளைக்கு சுபே எட்டு மணிக்கு சேலிங். உங்க வீட்டு சிட்டி, கடுதாசி எல்லாம் எடுத்துட்டேன் மதினி," என்று உள்ளே இருந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டே போனார்.

மேசை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி நாலரைதான். ஆறு மணிக்குத்தான் மூட்டை கட்டுவார்கள். ஓடிப்போய், சித்தப்பா, அது பாடக் கடிதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் சித்தப்பாவுக்கு வாயில் எதுவும் நிற்காது. பஜார் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார், மாஸ்டர்ஜி காதுக்குப் போகும், வகுப்பு போய்விடும். தையல் வகுப்பின் நீளப் பெஞ்சு என் கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். காலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறி, கப்பல் கண்ணுக்கு மறைகிற வரை பார்த்தேன்.

பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நோட்டுக்காக இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மாஸ்டர்ஜி 'குட்' போட்டார். சாப்பாடு இறங்கவில்லை. கடையே மூன்று ஆள் நிற்க முடியாத இடம். ஐந்நூறு குடை வந்து இறங்கினால் எங்கே வைப்பது, யார் வாங்குவது? வேண்டாம் என்று திருப்பினால் அப்பாவின் எழுத்தை இனி அந்தக் கம்பெனி நம்புமா? துறைமுகத்தில் எந்தக் கப்பல் ஊதினாலும் மேட்டில் ஏறிப் பார்த்தேன். கப்பல் திரும்ப மூன்று வாரம் ஆனது. அத்தனை நாளும் மழை விடாமல் பெய்தது. அந்த மழையில் குடைகளாவது விற்றுப் போகுமே என்று ஒரு நப்பாசைகூட எனக்கு இருந்தது. அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னம்மா என்பார். ஒன்றுமில்லை என்று எழுந்து வந்துவிடுவேன்.

கப்பல் வந்த அன்று சாயங்காலம் அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கடையிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றவில்லை, காபி கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, பிரித்திருந்த உறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

"கம்பெனிக் கடுதாசி வந்திருக்கு. படி."

நாலு வரிதான். ஐந்நூறு குடைக்கான தங்கள் ஆர்டர் கிடைத்தது, மகிழ்ச்சி, அடுத்த கப்பலில் ஏற்றுகிறோம். ஐந்நூறு என்பது எழுத்தில் இல்லை, எண்ணில் இருந்தது. எண் அப்பாவுக்குத் தெரியும். கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். தாளைப் படிக்கிற மாதிரியே சொன்னேன்.

"எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டிருக்காங்கப்பா. புது லாந்தர் வந்திருக்காம். வேணும்னா எழுதச் சொல்லியிருக்காங்க."

"வேற ஒண்ணும் எழுதலையா?"

"இல்லப்பா."

"அவசரமில்ல. நல்லாப் பாத்துச் சொல்லு."

தாளைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அம்மா அடுப்படியில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது. அப்பா காத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இல்லப்பா. இவ்வளவுதான்."

அப்பா கையை நீட்டித் தாளை வாங்கினார். என் விரல் வியர்வையில் அந்த இடத்து மை கலங்கியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். சரி, போய்ப் படி என்றார்.

அடுத்த கப்பல் வந்தது. கயிறு வந்தது, வாளி வந்தது, மூன்று டஜன் குடை வந்தது. ஐந்நூறு வரவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று முருகன் கோயிலுக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தேன். ஐந்நூறு குடையை நடுக்கடலில் முருகன் எப்படித் தடுத்திருப்பார் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தவர் சித்தப்பாதான். அதுவும் எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, ஊருக்கு வந்திருந்தபோது. பழங்கதை பேசிக்கொண்டிருந்தவர், உங்கப்பா ஒருநாள் என்னைத் தந்தியாபீஸுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாரே, உனக்குத் தெரியாதா என்று ஆரம்பித்தார். கம்பெனியில் ஒரு தமிழ்க் குமாஸ்தா இருந்தாராம். அந்த உறைக்குள்ளேயே அவர் ஒரு துண்டுச் சீட்டில், அண்ணாச்சி, ஐந்நூறு குடைக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, நிஜந்தானா என்று தமிழில் எழுதி வைத்திருந்தாராம். அப்பா கடையிலேயே அதைப் படித்துவிட்டு, தவறு எங்களுடையது, மூன்று டஜன் போதும் என்று தந்தி கொடுத்திருக்கிறார். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சித்தப்பாவிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறார். அதன் பிறகுதான் சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். வேறு ஒன்றும் எழுதவில்லையா என்று என்னைக் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் சொல்ல வேண்டியது மட்டுமே பாக்கி இருந்தது.

சித்தப்பா சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மாஸ்டர்ஜிக்குக் கடைசி வரை விஷயம் தெரியாது. நான் வகுப்பிலேயே இருந்தேன். அந்த வருஷம் காமர்ஸில் முதல் மார்க்கும் வாங்கினேன். அப்பா மட்டும் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு கடிதத்தையும் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. கடையிலேயே யாரையாவது வைத்துப் படித்துக்கொண்டார். ஏன் என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, அது பாடத்தைப் படிக்கட்டும் என்றார். பக்கத்து அறையில் இருந்த என் காதில் அது விழுந்தது. கம்பெனிக் கடிதத்தைக் கண்டு இனி நடுங்க வேண்டாம் என்று எனக்கு உயிர் வந்தது. மறுநாள் முன்பெஞ்சுப் பையனிடம், எங்கள் அப்பாவுக்கு என் படிப்பின்மேல் எவ்வளவு அக்கறை தெரியுமா, கடை வேலை ஒன்றுகூட இப்போது எனக்குக் கொடுப்பதில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.