பாதமில்லாத காலுறைகள்

சுவிஸ் நாட்டுப் பாசல் நகரில் ட்ராம் வளைகிற மூலையில் துணி திருத்தும் கடை வைத்திருக்கும் தம்பித்துரைக்கு ஜெர்மன் மொழியில் ஒரு வசனம் மட்டும் பிசகாமல் வரும்: "யா, யா, அலஸ் கிளார்." ஓம், ஓம், எல்லாம் விளங்கிவிட்டது என்று அர்த்தம். விளங்காத இடங்களில்தான் அவர் அதைப் பெரும்பாலும் சொன்னார். அகதியாக வந்து இருபத்தைந்து வருடம். வேலை, வீடு, கடை எல்லாம் அந்த வசனம் பிடித்துக் கொடுத்தவை.

2014 கோடையில் வெங்கர் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரு பை நிறையக் காலுறைகளோடு வந்தார். அவரும் பதினொரு நண்பர்களும், முதலாம் உலகப்போரில் கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை கட்டிச் சண்டைக்குப் போன ஸ்கொட்லாந்துப் படையினர் மாதிரி உடுத்தி ஊர்வலம் போகிறவர்கள். சொந்த நாடு அந்தச் சண்டைக்குப் போகாததால் இரவல் வீரம். காலுறைகளுக்கு என்ன செய்யவேண்டும் என்று பத்து நிமிடம் பாசல் வட்டாரப் பேச்சில் விளக்கினார். தம்பித்துரை யா, யா என்றார்.

பையைத் திறந்தால் பன்னிரண்டு சோடி தடித்த கம்பளிக் காலுறைகள். ஒன்றுக்கும் பாதம் இல்லை. எல்லாம் கணுக்காலோடு முடிந்திருந்தன.

"ஒருக்கா போன் எடுத்துக் கேளுங்கோவன்," என்றாள் மனைவி சுஜீவா.

"கேட்டா, அண்டைக்கு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை எண்டெல்லோ தெரிஞ்சிடும்."

நடந்து நடந்து பாதம் தேய்ந்து அறுந்திருக்கும் என்று அவரே முடிவுகட்டினார். அதே தடிப்பில் சாம்பல் நிறக் கம்பளிச் சொக்ஸ் வாங்கி, பாதத்தை வெட்டி, தையல் தெரியாதபடி பொருத்தினார். மூன்று நாள் வேலை. இருபத்துநாலு பாதம்.

ஊர்வல நாள் காலையில் வெங்கர் வந்தார். காலுறைக்குள் விட்ட கை நுனியில் போய் முட்டி நின்றது. இந்தமுறை பள்ளிக்கூட ஜெர்மனில், மெல்லச் சொன்னார்: சேற்றில் சீக்கிரம் நைவது பாதம்தான், அதனால் அந்தப் படைக்குக் காலுறையின் மேல்பகுதி தனி. சப்பாத்துக்குள் மெல்லிய சாதாரண சொக்ஸ். இரண்டும் சந்திக்கிற இடத்தை மறைக்கக் கணுக்காலைச் சுற்றிக் காக்கித் துணிப்பட்டி. தான் கேட்டது, தளர்ந்த மேல்விளிம்பை இறுக்கித் தரும்படி மட்டும். சப்பாத்தும் அந்த மெல்லிய சொக்ஸுக்கு அளவானது. இந்தத் தடித்த பாதத்தோடு கால் அதற்குள் லேசில் போகாது.

பிறகு அவரே, தான் அன்று சரியாக விளக்கவில்லையோ என்று கேட்டார்.

"யா, யா," என்றார் தம்பித்துரை.

கிழவர் மன்னிப்புக் கேட்டார். சுஜீவா கத்தரிக்கோலை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினாள். அவளுடைய முகத்தைப் பார்க்கத் தம்பித்துரைக்குத் துணிவில்லை. பதினொரு சோடி பிரித்ததும் நேரம் முடிந்துவிட்டது. பன்னிரண்டாவதைப் பாதத்தோடேயே வெங்கர் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

ரைன் ஆற்றங்கரையில் பதினொருவர் நிமிர்ந்து போனார்கள். கடைசி ஆள் நொண்டினார். போர்க்காயம் நடிக்கிறார் என்று சனம் கைதட்டியது.

இடைவேளையில் வெங்கர், பார்க்க வந்திருந்த தம்பித்துரையிடமும் சுஜீவாவிடமும் நொண்டியபடியே வந்து, நண்பர்களிடம் இவர்தான் எங்கள் தையல்காரர், பிழை என்னுடையது என்று அறிமுகப்படுத்தினார். தம்பித்துரை அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பவாவது வாயைத் திறவுங்கோ," என்றாள் சுஜீவா, தமிழில், சிரித்த முகத்தோடு.

'எனக்கு விளங்கவில்லை.' அகதி முகாம் வகுப்பில் முதல்நாள் படிப்பித்த ஜெர்மன் வசனம். இருபத்தைந்து வருடம் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதைச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஊர்வலத்தின் ஸ்கொட்லாந்துப் பைக்குழல்கள் ஊதத் தொடங்கின.

வெங்கர் காதில் கையை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அகலச் சிரித்து, "யா, யா, அலஸ் கிளார்," என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு வரிசைக்குத் திரும்பினார்.

அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று தம்பித்துரைக்குத் தெரியாததா.