ராத்தா சொல்லாத கன்னம்

ஸஹ்றா வீட்டில் ‘சேவ் ஆகுது’ என்று ஒரு சொல் விழுந்துவிட்டால், பிறகு யாரும் மின்விசிறியைக்கூடத் தொடக்கூடாது. அவள் கணவன் சனூன் எழுந்துபோய் ஃபிரிட்ஜை நிறுத்துவான். கிணற்று மோட்டரின் சுவிட்சுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, காவல்காரன் மாதிரி உட்கார்ந்துகொள்வான். ஃபிரிட்ஜோ மோட்டரோ உதறி எழும்பினால் எருக்கலம்பிட்டி மின்சாரம் ஒருமுறை கண்ணைச் சிமிட்டும். அந்தச் சிமிட்டலே ஸஹ்றாவின் கிழட்டுக் கணினிக்குப் போதும், அணைந்துவிடும்.

அந்தக் கணினியில்தான் அவள் ஊருக்குக் கல்யாணக் கார்டும் பள்ளிக்கூடத்து வினாத்தாளும் அடித்துக் கொடுக்கிறாள். கார்டுக்கு ஏதாவது அலங்காரம் தேடப் போனபோது, எழுத்துகளாலேயே படம் செய்கிற ஒரு மென்பொருள் சும்மா கிடைத்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. இருட்டான இடத்துக்கு ஜ, ஞ, ண. வெளிச்சத்துக்கு ட, ப. இன்னும் வெளிச்சமென்றால் வெறும் புள்ளி. தள்ளி நின்று பார்த்தால் தோணி தெரியும், கழுதை தெரியும். எல்லாம் நல்லதுதான், சேமிக்கிற விசயத்தில் மட்டும் அதற்கு உலகத்துச் சோம்பலெல்லாம் வந்துவிடும். ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டு எழுதும். அதுவரை திரை உறைந்து கிடக்கும், மவுஸும் அசையாது. இதைச் செய்த புண்ணியவான், ஒருத்தி இவ்வளவு பெரிய படம் செய்வாள் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டான்.

அவள் செய்தது வாப்பாவின் முகத்தை. தொண்ணூறாம் ஆண்டுப் போரில் ஊர் முஸ்லிம்கள் எல்லோரும் மன்னார்த் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டபோது படங்களெல்லாம் அலுமாரியோடு இங்கேயே நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது அலுமாரி மட்டுமல்ல, கூரையும் இல்லை. வாப்பா கையில் கொண்டுபோன அடையாள அட்டை புத்தளத்து அகதி முகாமில் முதல் மழையிலேயே ஊறி, முகமிருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. இரண்டு வருசத்தில் அவரும் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். ஊரைவிட்டுப் போகும்போது ஸஹ்றாவுக்கு நாலு வயது. ‘உனக்கு என்ன ஞாபகமிருக்கப் போகுது, நீ அப்ப சின்னப்பிள்ளைதானே’ என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சுரீரென்று கோபம் வரும். சொன்னது உண்மை என்பதால்தான் அந்தக் கோபம். கண்ணை மூடினால் வாப்பா வரவில்லை. வெள்ளைச் சாரன் கட்டிய, முகமில்லாத ஓர் உயரம் மட்டும் வந்தது.

முகத்தைப் படமாகக் கீறுவது கூடாதென்று பள்ளிவாசலில் சொல்வார்களே என்று சனூன் முதலில் தயங்கினான்.

“நான் கீறேல்லை, எழுதுறன்,” என்றாள் ஸஹ்றா.

அரபு எழுத்தில் ஒன்றையும் அவள் தொடவில்லை, எல்லாம் தமிழ்தான். சனூன் ஃபிரிட்ஜை நிறுத்தப் போனான்.

அந்த முகத்தின் நினைவுக்குச் சொந்தக்காரி புத்தளத்தில் இருந்த அவளுடைய அக்கா, மூத்த ராத்தா றிஸானா. வெளியேறும்போது அவளுக்குப் பதினைந்து வயது, எல்லாம் நினைவிருந்தது. ஸஹ்றா சேமிக்கப் போட்டதும் ராத்தாவுக்கு அழைப்பாள். படம் சேமித்து முடிகிற வரைக்கும் ராத்தா வாப்பாவைச் சொல்லுவாள். புருவம் இரண்டும் தொடும், வலது காது சற்று வெளியே தள்ளி நிற்கும், தாடி முகவாயில்தான் முதலில் நரைத்தது. பேசாலையிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு சைக்கிளில் வருவார். சைக்கிள் மணிக்கு முன்னால் கருவாட்டு மணம் ஒழுங்கைக்குள் வந்துவிடும், பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார்கள். படத்தில் எழுத்துக் கூடக் கூடச் சேமிக்கிற நேரமும் கூடியது, ராத்தாவின் கதையும் நீண்டது. கணினியைத் திட்டிக்கொண்டிருந்த ஸஹ்றா எப்போது திட்டை நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு இனிக்கும்.

ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அலுவல் முடிந்து தீவுக்கு வருவேன், அப்போது வாப்பாவைக் காட்டு என்றுவிட்டு ராத்தா வேலைக்குள் மூழ்கினாள். அழைத்தால் எடுக்கவில்லை. ராத்தாவின் குரல் இல்லாமல் உறைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க ஸஹ்றாவுக்குப் பிடிக்கவில்லை. பிறகு சேமிக்கலாம், பிறகு சேமிக்கலாம் என்று மூக்குக்குக் கீழே முழுவதையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். பின்னேரம் மின்சாரம் போனது.

மறுபடி திறந்தபோது வாப்பாவுக்கு நெற்றியும் கண்ணும் மூக்கும் இருந்தன. கீழே வெறுங்கட்டம். இன்னொருமுறை வாப்பாவைத் தொலைத்துவிட்டேன் என்று மேசையில் தலைவைத்து அழுதாள்.

ராத்தா வர இரண்டு நாள்தான் இருந்தது. கேட்க ஆளில்லை. சொன்னதில் பாதி மறந்தும் போயிருந்தது. கை போன போக்கில் வாயையும் கன்னத்தையும் தாடியையும் எழுதினாள். ராத்தா வருகிற அன்றுதான் முடிந்தது. சனூன் ஃபிரிட்ஜை நிறுத்தினான், அவள் சேமிக்கப் போட்டாள். எழும்பித் தள்ளிநின்று பார்த்தபோதுதான் கண்டாள், இடது கன்னம் வீங்கியிருந்தது. பல்லுவலிக்காரர் மாதிரி. ஓடிவந்து மவுஸை அசைத்தாள். சேமிப்பு தொடங்கிவிட்டது, இனி அதன் காலைப் பிடித்தாலும் நிற்காது. அது முடிகிறதற்குள் மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கிவிட்டேன் என்று ராத்தா அழைத்தாள். சனூன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனான். திருத்தினால் மறுபடி சேமிக்க வேண்டும், அதற்கு நேரமில்லை. வீங்கிய கன்னத்தோடேயே நாலு தாளில் அச்சடித்து, ஒட்டிச் சுவரில் குத்தினாள்.

ராத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தாள். எழுத்துத்தான் தெரிந்தது. பின்னால் பின்னால் நடந்து வந்து வாசற்படியில் நின்றாள். பிறகு மறுபடி கிட்டப்போய் அந்தக் கன்னத்தில் விரலை வைத்தாள்.

“இதை நான் உனக்குச் சொல்லேல்லையே.”

அது பிழை ராத்தா, சேவ் ஆகிக்கொண்டிருந்தது, திருத்த விடவில்லை என்று ஸஹ்றா தடுமாறினாள்.

“பிழையில்லை புள்ள. வாப்பா வெத்திலையை அந்தப் பக்கம்தான் அடக்கி வச்சிருப்பார். எந்த நேரமும். அது பழகிப்போனதால எனக்குச் சொல்லவே தோணேல்லை.” ராத்தாவின் குரல் இறங்கியது. “முகாமுக்குப் போன பிறகு அவர் வெத்திலையைத் தொடேல்லை. இது ஊரைவிட்டுப் போக முந்தி நீ இஞ்ச வச்சுக் கண்டது.”

ஸஹ்றா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, போன தடவை மாதிரி இல்லை.

பிறகு எழும்பிப்போய்க் கணினியில் படத்தைத் திறந்தாள். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஆனாலும் சேமிக்கப் போட்டுவிட்டு, ராத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்தாள். சனூன் ஃபிரிட்ஜை நிறுத்தப் போனான்.