மாமா கொடுத்த இரத்தம்

அம்மாவின் இடுப்புச் சத்திரசிகிச்சை தள்ளிப்போனதற்கு அவருடைய இரத்தத்தில் இருந்த, பிறர் இரத்தத்தை எதிர்க்கும் ஓர் எதிர்பொருள்தான் காரணம். அவர் ஓ பொசிட்டிவ். ஆனாலும் எல்லா ஓ பொசிட்டிவ் இரத்தமும் அவருக்குச் சேராது, பொருந்தும் இரண்டு பைகளைத் தேடுகிறோம் என்று தாதி தொலைபேசியில் சொன்னார். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். அம்மா படி இறங்கி ஒரு மாதமாகிவிட்டது.

நான் வேறொரு மருத்துவமனையின் இரத்த ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இந்த வகை எதிர்பொருள் சும்மா வராது. இன்னொருவரின் இரத்தம் உடலுக்குள் போயிருக்க வேண்டும். தாளில் எழுதினேன். ஒன்று, இரத்தம் ஏற்றியது. படிவத்தில் அதற்கு அம்மாவின் பதில் 'இல்லை'; பிரெஞ்சில் நிரப்பியதே நான்தான். இரண்டு, பிள்ளை வயிற்றில் இருந்தது. நான் ஒரே பிள்ளை. அனுமதி கேட்டு என் இரத்தத்தைச் சோதித்தேன். அந்த எதிர்பொருள் எதிர்க்கும் கூறு என் இரத்தத்தில் இல்லை. மூன்று, எனக்கு முன்னால் ஒரு பிள்ளையா? எழுதினேன், வெட்டினேன், மறுபடியும் எழுதினேன்.

எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் தெரியவில்லை.

"அம்மா, எனக்கு முதல் ஏதும் பிள்ளை தங்காமல் போனதோ?"

"உனக்கென்ன விசரே? நீ ஒண்டு காணாதோ?"

"அப்ப ரத்தம் ஏத்தினவையோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

"பிறத்தியார் ஆற்றை ரத்தமும் ஏத்தேல்லை. நீ பிறக்கேக்கை கொஞ்சம் குறைஞ்சு போச்சு. அண்ணை தந்தவர்."

"அது ஏத்தினதுதானே அம்மா!"

"கூடப்பிறந்தவற்றை ரத்தம் எப்படிப் பிள்ளை பிறத்தியார்ரை ஆகும்? அண்ணை இப்ப இங்கை பக்கத்திலை லாவலிலைதானே இருக்கிறார். கூப்பிடன், ஓடி வருவார்."

பெரும்பாலும் மாமாவின் இரத்தத்தைத்தான் அம்மாவின் உடல் பகையாக நினைத்து வைத்திருக்கிறது, மற்ற எவருடையதைக் கொடுத்தாலும் மாமாவுடையதைக் கொடுக்கக் கூடாது என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பிழை போலக் கேட்டது.

"ஆரெண்டு தெரியாதவன்ரை சரியாம், அண்ணையின்ரை கூடாதாம். இதையோ மூண்டு வருசம் படிச்சனி?"

தாதியை அழைத்து 'இல்லை' என்றிருந்ததை 'ஆம்' என்று மாற்றச் சொன்னேன். இரண்டு பைகளும் கிடைத்துவிட்டனவாம்; வியாழக்கிழமை சத்திரசிகிச்சை. கொடுத்தவர்கள் யாரென்று சொல்வார்களா என்று அம்மா கேட்டார். சொல்லமாட்டார்கள் என்றேன்.



"அண்ணைக்குச் சொல்லிப்போடாதை. வேற ஆக்களின்ரை ஏத்தினதெண்டு அறிஞ்சால் கோவிப்பார்."